குதிரைக்குக் கடிவாளம்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கலைவிழா முடிந்த மூன்றாம் நாள் ஆசிரியர் கூட்டம் ஒன்று கூடிற்று. அதில் எடுக்கப்பட்ட தீர்மானம் ஒரே வரியில் அடங்கும்: இனி எங்கள் மேடையில் மின்கிற்றார் ஒலித்தல் கூடாது. ஆதரிப்போர் கைதூக்குக என்று தலைவர் கூறியபோது முதலில் எழுந்த கை என்னுடையது. அந்தக் கையை இறக்கிக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

நிகழ்ந்தது இது. பல்லேகலையில் உள்ள எங்கள் மண்டபம் தகரக் கூரையும் வெறுஞ் சுவர்களும் உடையது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், வெளிநாட்டில் உழைக்கும் தமையன் அனுப்பிய மின்கிற்றாருடன் மேடையேறினான். தமிழ்ப் பாட்டொன்றுக்கு அவன் முன்னிசை தொடங்கினான். தொடங்கிய கணமே, இரும்புத் தகட்டை ஆணியாற் கீறினாற் போன்ற ஓர் ஒலி மண்டபத்தை ஊடுருவிற்று. முதல் வரிசையில் இருந்த பெரியோர் சிலர் காதைப் பொத்திக்கொண்டனர். பாட்டு நல்ல பாட்டு, சுருதி பிழைக்கவில்லை, தாளமும் வழுவவில்லை. ஆயினும் கேட்கமுடியவில்லை. மாணவனோ ஒன்றும் அறியாதவனாய், தன் பெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் நின்று, கண்மூடி இன்புற்று வாசித்துக்கொண்டிருந்தான். எங்களை அவமதிக்கவே அவன் அவ்வாறு செய்கின்றான் என்று அன்று யான் எண்ணினேன். அந்த எண்ணமே என் கையை உயர்த்திற்று.

தீர்மானத்தின் பின்னர் அம்மாணவன் என் வகுப்பில் வாய்திறப்பது குறைந்தது. முன்பெல்லாம் செய்யுளை இசையோடு படிக்க அவனையே அழைப்பேன். ஒருநாள் எழுத்துக்களின் இனங்களைப் பற்றிப் பாடம் நடந்தது. வல்லினம் மார்பை இடமாகக் கொண்டு பிறப்பது, மெல்லினம் மூக்கை இடமாகக் கொண்டு பிறப்பது, இடையினம் கழுத்தை இடமாகக் கொண்டு பிறப்பது என்ற நன்னூற் செய்தியை விளக்கிக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்தபின் அவன் மேசையருகே வந்து நின்றான்.

“ஐயா, என் கிற்றாரிலும் அந்த மூன்று இனமும் இருக்கின்றன. நீங்கள் விலக்கியது வல்லினத்தை மட்டும் அல்ல, முழு நெடுங்கணக்கையும்” என்றான்.

கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். எனினும் மாணவன் ஒருவன் நாம் கற்பித்த பாடத்தைக்கொண்டே நம்மை மடக்கும்போது வருகின்ற கோபத்திற்கு அடியில் ஒரு மகிழ்ச்சியும் ஒளிந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். “எங்கே, காட்டு தம்பி” என்றேன்.

மறுநாள் கருவியைக் கொண்டுவந்தான். பக்கத்தில் நின்று பார்த்த பொழுதுதான், பெயரளவில் அறிந்திருந்த ஒன்றை யான் முதன்முறையாக அறிந்தேன். அதில் ஆறு எஃகு நரம்புகள். நரம்புகளின் கீழே, கழுத்துக்கு அருகே ஒன்றும், நடுவில் ஒன்றும், நரம்பின் அடியைத் தாங்கும் குதிரைக்கு அருகே ஒன்றுமாக மூன்று காந்தச் சுருள்கள். இளைஞர் இவற்றைப் ‘பிக்கப்’ என்று வழங்குவர். ஒவ்வொன்றும் காந்தத் துண்டுகளைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியதாகும். எஃகு நரம்பு அசையும்போது காந்தப் புலம் அசைகின்றது. அந்த அசைவு சுருளில் மின்னை எழுப்புகின்றது. அம்மின் பெருக்கியிற் சென்று ஒலியாகின்றது. கழுத்தருகே உள்ள சுருளைத் தெரிந்து வாசித்தான், மெல்லினம்போற் குழைந்தது. நடுச்சுருள் இடையினம். குதிரையடிச் சுருளுக்கு மாற்றினான். அன்று மண்டபத்தைக் கிழித்த அதே வல்லோசை!

ஒரே நரம்பு, ஒரே விரல். இடம் மாறியவுடன் ஓசை இத்துணை வேறுபடுவது ஏன்? கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

விடை சொன்னவர் கண்டி நகரிற் சிறு கடை வைத்து வானொலி திருத்தும் சிங்கள அன்பர் ஒருவர். சனிக்கிழமை ஒன்றில் மாணவனும் யானும் அவரிடம் சென்றோம். அவர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். அதனைச் சொல்லிச் சிரித்துவிட்டு, “இதைச் செய்தவருக்கும் தெரியாது” என்றார். உண்மைதான். மின்கிற்றாருக்குக் குதிரைலாடம் போன்ற காந்தத்தை முதலிற் பொருத்திய சியார்ச் போசாம்ப் என்பவர் இசைவாணர். 1930களின் தொடக்கத்திற் செய்த அமைப்புக்கு 1937 இல் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். ஆனால் 1950 இல் திண்மையான மரப்பலகையில் மின்கிற்றாரைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கியவரும், 1954 இல் மூன்று சுருள்களுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டவருமான லியோ பெண்டர், கலிபோர்னியாவில் வானொலி திருத்தும் கடை நடத்தியவர். கிற்றார் வாசிக்க அறியாதவர். எங்கள் மாணவனின் கருவி அந்த 1954 ஆம் ஆண்டு அமைப்பைப் பின்பற்றிய மலிவான படியே.

திருத்துநர் ஒரு கம்பியைச் சுவரிற் கட்டி ஆட்டிக் காட்டினார். கட்டிய இடத்திற் கம்பி அசையாது. நடுவிலே அகல அசையும். கிற்றார் நரம்பும் அவ்வாறே. அதன் நீளம் ஏறக்குறைய 65 சென்றிமீற்றர். குதிரையடிச் சுருள் நரம்பின் நுனியிலிருந்து ஏறத்தாழ 4 சென்றிமீற்றரில் இருக்கின்றது. வெறும் நரம்பை மீட்டினால், அதன் அடிப்படைச் சுரத்திற்குரிய அசைவு அவ்விடத்தில், நரம்பின் நடுவில் உள்ளதன் ஐந்தில் ஒரு பங்கே. ஆனால் நரம்பு முழுதாக மட்டும் அசைவதில்லை. இரண்டாகவும் மூன்றாகவும் எட்டாகவும் தன்னைப் பகுத்துக்கொண்டும் அசைகின்றது. அப்பகுப்புக்களே மேற்சுரங்கள். எட்டாகப் பகுத்த அசைவு, குதிரையிலிருந்து அந்த 4 சென்றிமீற்றரில் முழு வீச்சோடு நிகழ்கின்றது! காந்தச் சுருளுக்கு நரம்பு முழுவதும் தெரியாது. தன் தலைக்கு நேர்மேலே நிகழும் அசைவொன்றே தெரியும். ஆகவே அடிச்சுரம் மெலிந்து மேற்சுரம் மிகுந்த ஓசையையே அது கேட்டுச் சொல்கின்றது. கழுத்தருகே உள்ள சுருளோ நரம்பின் காற்பங்கு நீளத்தில் இருப்பதால், அடிச்சுரத்தின் அசைவிற் பத்தில் ஏழு பங்கை வாங்கிக்கொள்கின்றது. அதனால் அதன் ஓசை கனிந்து வருகின்றது.

இதனோடு இன்னொன்றும் சேர்கின்றது. மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை. செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 5,000 வரை அதிரும் ஒலிகளுக்கே அது மிகக் கூர்மையுடையது. இத்தகைய சுருள்களும், அவற்றைப் பெருக்கியோடு இணைக்கும் கம்பியும் சேர்ந்து இயல்பாகவே மிகைப்படுத்தும் ஒலிகளும் பெரும்பாலும் அதே எல்லைக்குள் விழுகின்றன. எங்கே நம் காது மிக நொய்தோ அங்கே அந்தச் சுருள் மிக வலிது. எங்கள் முதல் வரிசைப் பெரியோர் காதைப் பொத்தியதில் வியப்பில்லை.

காரணம் தெரிந்தது, மருந்து எது? புதிய சுருள் வாங்கவேண்டும் என்று மாணவன் எண்ணியிருந்தான். இரட்டைச் சுருள் உடையவை சில உண்டு. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்பவர் 1955 இல் வகுத்த அமைப்பு அது. இரைச்சலைத் தம்முள் அடக்கி உருண்ட ஓசை தருவது. ஆனால் விலை மிகுதி. திருத்துநர் தலையசைத்தார். “முதலில் பணம் செலவாகாத வைத்தியத்தைப் பார்ப்போம்” என்றார்.

திருப்புளியை எடுத்துச் சுருளின் இரு பக்கத்துத் திருகுகளையும் தளர்த்தி, அதனை நரம்பிலிருந்து சிறிது கீழே இறக்கினார். மெல்லிய நரம்புகளின் பக்கத்தை இன்னுஞ் சற்று மிகுதியாக இறக்கினார். குத்தும் முனை பாதி மழுங்கிற்று. செலவு ஒன்றுமில்லை.

பிறகு பலகையைத் திறந்தார். அங்கே ஒரு வேடிக்கை. கருவியின் முகத்தில் ஓசையின் கூர்மையைக் குறைக்கும் திருகு குமிழ் இரண்டு இருந்தன. 1954 இன் அமைப்பின்படி, ஒன்று கழுத்தருகுச் சுருளுக்கு, மற்றையது நடுச்சுருளுக்கு. மிகக் கூரிய ஓசையுடைய குதிரையடிச் சுருளுக்கு ஒன்றுமே இல்லை! சாதுவான இரு மாடுகளுக்கு மூக்கணாங்கயிறு பூட்டிவிட்டு, துள்ளும் காளையை அவிழ்த்துவிட்டாற்போல் இருந்தது. விரலளவு கம்பித்துண்டு ஒன்றை எடுத்து, இரண்டாம் குமிழைக் குதிரையடிச் சுருளோடு பற்றவைத்து இணைத்தார். குமிழின் பின்னால் 0.022 மைக்ரோபரட் அளவுள்ள கொள்ளளவி ஒன்று. அது செய்யும் வேலையைப் பல்லேகலையிலிருந்து தொலைவிலில்லாத விக்டோரியா அணையைக் கொண்டு விளக்கினார். 1985 இல் முடிந்த அவ்வணைக்கு எட்டு வான்கதவுகள் உண்டு. மட்டத்துக்கு மேற்பட்ட நீரே அவற்றின் வழியாகப் போகின்றது; நீர்த்தேக்கம் தேக்கமாகவே நிற்கின்றது. அதுபோல, அதிர்வு மிகுந்த ஒலிகளை மட்டும் கொள்ளளவி நிலத்துக்கு வழிந்தோட விடுகின்றது. ஏனையவை பெருக்கிக்குச் செல்கின்றன. எவ்வளவு திறப்பது என்பது குமிழைப் பிடித்திருக்கும் விரலின் பொறுப்பு.

மூன்றாவதாக, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுதடையியை மாற்றினார். கருவியில் இருந்தது 500 கிலோ ஓம். ஒற்றைச் சுருளுக்கு வழக்கமாகப் பொருந்துவது 250. தடை குறைந்தபோது சுருளின் மிகைமுனை தானே தணிந்தது. இத்தனைக்கும் ஆன செலவு, கடைத்தெருவில் மூவர் உண்ட மதிய உணவின் விலையளவே.

இவ்விடத்தில் எங்கள் மூவருக்கும் ஒரு தவறு நேர்ந்தது. அதனைச் சொல்வதற்காகவே இவ்வளவையும் சொன்னேன்.

வேலை முடிந்ததும், “இனி ஒரு குறையும் இராது” என்று யானே குமிழை முழுவதும் திருப்பிவிட்டேன். மாணவன் வாசித்தான். கீறல் போயிற்று, உயிரும் போயிற்று. கம்பளிக்குள் முகம் புதைத்துப் பேசுவோனின் குரல்போல் இருந்தது. எனக்கு ஆறுதல். மாணவனின் முகமோ வாடிவிட்டது. “நன்றாக இல்லையா தம்பி?” என்றேன். “குற்றம் இல்லை ஐயா, ஆனால் பாட்டும் இல்லை” என்றான்.

அப்பொழுது சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. கானல்வரியின் தொடக்கத்தில் மாதவியின் யாழைச் சொல்லும் இளங்கோவடிகள், அதன் பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்னும் உறுப்புக்களை எண்ணி, அவை குற்றம் நீங்கியவை என்கின்றார். யாழ் இனிது என்று பொதுவிற் சொல்லி விடாமல், குற்றம் எங்கெங்கே குடிபுகக்கூடும் என்று உறுப்புறுப்பாகப் பார்க்கும் பார்வை அது. அதற்கு மேலும், யாழிசையில் நேரும் குற்றங்கள் நான்கு என்று சிலப்பதிகார உரைகள் பேசும்: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. இன்னிசையின் வழி நில்லாது ஒலிப்பது செம்பகை. அளவுக்கு மேல் ஓங்கி ஒலிப்பது ஆர்ப்பு. இசை வெளிவராது மழுங்குவது கூடம். சிதறும்படி நரம்பை உந்துவதால் வருவது அதிர்வு.

முப்பது ஆண்டுகளாக இந்த நான்கையும் மாணவர்க்கு மனப்பாடம் செய்வித்து வந்தேன். ஆர்ப்பும் கூடமும் ஒரே பட்டியலில், ஒரே தரத்துக் குற்றங்களாக நிற்பதன் பொருள் அந்த வானொலிக் கடையிலேதான் எனக்கு விளங்கிற்று. ஓங்கி ஒலிப்பது குற்றம் என்றால் மழுங்குவது குணமாகிவிடாது, அதுவும் குற்றமே. ஆர்ப்புக்கு மருந்து கூடமன்று. ஆசிரியர் கூட்டத்தில் நாங்கள் செய்தது யாது? ஆர்ப்பை நீக்குகின்றோம் என்று எண்ணி, ஓர் இளைஞனின் இசை முழுவதையும் கூடமாக்கிவிட்டோம். மேடையை மூடுவதைக் காட்டிலும் பெரிய மழுங்கல் வேறு யாது?

குமிழைப் பாதிக்குத் திருப்பினோம். வல்லோசை வல்லோசையாகவே நின்றது. குத்தல் மட்டும் இல்லை. தம்புராவின் குதிரைமேல் நரம்பின் கீழே ஜீவாளி என்னும் நூலைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தி ஓசைக்கு உயிர்கூட்டும் நம் இசைவாணர்க்கு இது புதுமையன்று. குதிரையடியில் ஒரு நூலளவு இடம். அதிலேதான் இசையும் இரைச்சலும் பிரிகின்றன. இவ்வுறுப்புக்குக் குதிரை என்று பெயரிட்டவர் யாரோ அறியேன். மிகப் பொருத்தமான பெயர். குதிரையை அடக்குவது என்றால் காலை ஒடிப்பதன்று, கடிவாளம் இடுவது.

இனி, நாங்கள் கடைசியாக அறிந்தது. அதற்குத் திருகோ கம்பியோ தேவைப்படவில்லை. திருத்துநர் பெருக்கியைத் தரையில் வைத்து, மாணவனை அதன் பக்கத்திலும் என்னை அதற்கு நேர் எதிரே பத்தடி தூரத்திலும் நிறுத்தினார். பழையபடி குமிழ்களைத் திறந்துவிட்டு வாசிக்கச் சொன்னார். என் காது கூசிற்று. மாணவனோ, “ஓசை அளவாகத்தானே இருக்கின்றது” என்றான். பிறகு எங்களை இடம் மாற்றினார். எனக்கு ஓசை இனிமையாக இருந்தது. அவன் முகத்தைச் சுளித்தான். காரணம் எளிது. அடியோசைகள் ஒலிபெருக்கியிலிருந்து நாற்புறமும் பரவும். கூரிய மேலோசைகளோ ஒளிக்கற்றைபோல நேர்முன்னே மட்டும் பாயும். விழாவன்று அவன் பெருக்கியின் பக்கத்தில் நின்று, தன் முழங்காலளவில் இருந்த பெட்டியின் ஓசையைத் தன் காதுக்கு ஏற்பத் திருத்தியிருந்தான். அவன் காதுக்கு எட்டாத கூர்மையெல்லாம் முதல் வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் கேட்ட இசை வேறு. நாங்கள் கேட்ட இசை வேறு. அவன் எங்களை அவமதிக்கவில்லை. நாங்கள் கேட்டதை அவன் கேட்கவே இல்லை.

இதனை அறிந்த இரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. எத்தனை வகுப்புக்களில் எத்தனை மாணவரின் சொல்லை, அவர்கள் நின்ற இடத்திற்குப் போய்க் கேளாமலே ஆர்ப்பு என்று தள்ளியிருப்பேன்! என் சொல்லும் எத்தனை பேருக்கு முதல் வரிசையில் விழுந்த ஓசையாய்க் குத்தியிருக்கும்!

கருவியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நமக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கிற்று. கமகம் பேசாது, சுரங்கள் நம் சுருதிக்கு இணங்கா என்பன சொல்லப்பட்ட காரணங்கள். அவை பொய்யும் அல்ல. ஆயினும் அவ்விலக்கு 1971 அளவிலேயே தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து இசைநாடக மேடையில், வி. வி. வைரமுத்து போன்ற கலைஞர் அரிச்சந்திரனாய் நின்று மக்களை உருக்கிய மேடையில், ஆர்மோனியம் பக்கத்தில் அமர்ந்து துணை செய்துகொண்டே இருந்தது. விலக்கு கருவியை அழிக்கவில்லை. அதனைத் திருந்தக் கையாளும் வழியைப் பற்றிய உரையாடலை மட்டும் முப்பது ஆண்டு தள்ளிவைத்தது. மேனாட்டு வயலினைப் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கைக்கொண்டபோது கதவடைத்திருந்தால் இன்று நம் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் ஏது? மின்மாண்டலினைக் கையிலேந்திய சீனிவாசன் என்னும் சிறுவன், இரட்டை நரம்புகளை ஒற்றையாக்கி, ஐந்து நரம்புகளில் கருநாடக இசையின் கமகங்களைப் பேசவைத்தான். 1969 இற் பிறந்து 2014 இல் மறைந்த அக்கலைஞர் கருவியைத் தம் இசைக்கு இணங்கத் திருத்தினார். இசையைக் கருவிக்கு இணங்கக் குறுக்கவில்லை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1960களில் சிங்கள மெல்லிசைக்குள் மின்கிற்றாரைக் கொண்டுவந்தவர்களுள் முன்னின்றவர் கிளாரன்ஸ் விஜேவர்தன. தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைக் கிற்றாரோடு வீடுதோறும் சேர்த்தனர். அவற்றைப் பண்டிதர்கள் பெரும்பாலும் கேளாததுபோல் இருந்துவிட்டனர். யானும் அவ்வாறே. ஆனால் இந்நாட்டுப் பண்டிதர் மரபில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் மறைந்துவிட்டதே என்று இரங்கி நில்லாமல், நரம்பின் நீளத்தையும் சுரங்களின் கணக்கையும் ஆராய்ந்து, 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றினார். இலக்கணமும் கணக்கும் ஒரே மேசையில் இருக்கலாம் என்பதற்கு அதனினும் பெரிய சான்று எனக்கு வேண்டியதில்லை. நரம்பின் எட்டாம் பகுப்பைச் சுவரிற் கம்பி கட்டிக் காட்டிய திருத்துநரையும் அந்த மேசையிலேயே அமர்த்துவேன்.

மறுபக்கத்தாரின் வாதத்தை யான் புறக்கணிக்கவில்லை. வீணையும் மிருதங்கமும் பயில்வார் அருகிவரும் நாளில், பள்ளி மேடையின் சிறு நேரத்தையும் மின்கருவிக்குக் கொடுக்கவேண்டுமா என்பர். நியாயமான கேள்வி. வீணைக்கு உரிய நேரத்தை ஒரு நிமிடமும் குறைக்கலாகாது என்பதே என் துணிபும். ஓசை மிகுந்தால் செவிக்கே கேடு என்பர். அதுவும் உண்மை, அதற்கு அளவு வகுக்கவேண்டும். ஆனால் அளவு வகுப்பது வேறு, வாயடைப்பது வேறு. வன்மையே தமிழுக்கு ஆகாது என்று சொல்வார்க்கு மட்டும் என் விடை கடுமையானது. தொல்காப்பியர் எண்ணும் இருபது வண்ணங்களில் மெல்லிசை வண்ணத்திற்கு முன்னரே வல்லிசை வண்ணம் நிற்கின்றது. வல்லெழுத்தை நீக்கிக் கலிங்கத்துப் பரணியைப் பாடமுடியுமா? திருப்புகழின் சந்தம் நிற்குமா? எங்கள் கண்டி மாநகரில் பெரஹராவன்று முழங்கும் முழவுகளை மெல்ல முழங்குக என்று யாரேனும் கேட்பதுண்டா? வல்லோசை வரவேண்டிய இடத்தில் வரவேண்டிய அளவில் வந்தால் அது வீரம். அளவு தப்பினால் ஆர்ப்பு.

ஆகவே தீர்மானத்தை மாற்றி, விதிகள் நான்கை ஏற்குமாறு ஆசிரியர் கூட்டத்திற்கு எழுதிக் கொடுத்துள்ளேன். விழாவுக்கு முதல்நாள் அதே மண்டபத்தில் ஓசையைச் சரிபார்த்தல் வேண்டும். அப்போது கருவிக்கு உரியவன் தன் கருவியை மற்றொருவனிடம் கொடுத்து வாசிக்கச்செய்து, தான் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டல் வேண்டும். பெருக்கியை நேரே அவையை நோக்கி வையாது, சற்றே சரித்து, வாசிப்பவன் காதுக்கும் எட்டுமாறு உயர்த்தி வைத்தல் வேண்டும். நான்காவது விதி ஆசிரியர்களுக்கு: தடை சொல்ல விரும்பும் ஆசிரியர் ஒருமுறையேனும் மேடையேறி, வாசிப்பவன் நிற்கும் இடத்தில் நின்று கேட்டல் வேண்டும். முதல் மூன்றையும் கூட்டத்தார் எளிதில் ஏற்பர் என்று நினைக்கின்றேன். நான்காவதிற்குச் சிலர் சிரிக்கக்கூடும்.

இசைப்பயிற்சியைப் பற்றியும் மாணவனுக்கு ஒன்று சொன்னேன். திருகும் கம்பியும் செய்வது பாதி. விரல் செய்வது மறுபாதி. மாதவியின் விரல்கள் யாழ்மேல் ஆற்றிய வார்தல், வடித்தல் முதலிய எட்டுக் கரணங்களையும் இளங்கோவடிகள் எண்ணிச் சொல்கின்றாரே, அவை எதற்கு? மீட்டும் இடத்தைக் குதிரையிலிருந்து இரண்டு விரல் கழுத்துப் பக்கம் தள்ளினாலும், மீட்டுந் தகட்டைச் சரித்துப் பிடித்தாலும் ஓசை கனிகின்றது என்பதை அவனே வாசித்துக் காட்டினான். “இதுதான் ஐயா வடித்தலா?” என்று கேட்டான். வடித்தல் என்பதற்கு உரையாசிரியர் கூறும் பொருள் வேறு என்று சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். அந்தப் பாடத்தை நாளைக்கும் நடத்தலாம். அவன் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான் என்பதே அன்றைக்குப் போதியதாக இருந்தது.

கூட்டம் அடுத்த வாரம் கூடுகின்றது. முடிவு எதுவாயினும், என் கையை இம்முறை எந்தப் பக்கம் தூக்குவேன் என்பது இப்பொழுது எல்லோருக்கும் தெரியும். தடை நீங்கினால், இவ்வாண்டு விழாவில் எனக்கு முதல் வரிசையில், பெருக்கிக்கு நேர் எதிரே, ஓர் இருக்கை வேண்டும் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கின்றேன்.